நோயாளியின் தட்டில் கைவைத்தவள்

லோசலினி வேலையில் சேர்ந்த முதல் நாளே, இந்தப் பெண் தேறாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என் கணிப்பு பல முறை தப்பியிருக்கிறது. அதற்காக முடிவு கட்டுவதை நான் விட்டதில்லை.

காரணம் இருந்தது. தெற்கு ஆக்லாந்தில் எங்கள் மனநல வார்டு. கூடத்தில் பெரிய டிவி, அதன் முன்னால் வரிசையாக நாற்காலிகள், நோயாளிகள் உட்கார்ந்து ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது நர்ஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். மற்றவர்கள் விறுவிறுவென்று நடந்து போவார்கள். இவள் இடுப்பை வளைத்து, ஒரு கையைத் தாழ்த்தி நீட்டி, "துலோ, துலோ" என்று முணுமுணுத்தபடி, தரையில் விழுந்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி போனாள். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது பிஜியில் அப்படித்தான் குனிந்து மன்னிப்புக் கேட்டபடி போக வேண்டும். எனக்குத் தெரியும், டிவி பார்ப்பவனுக்குத் தெரியுமா?

"என்ன சிஸ்டர், முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றான் ஒருவன். கூடமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, திரும்பி வரும்போதும் குனிந்தே வந்தாள்.

நானும் பிஜிக்காரிதான். நௌசோரியில் ஒரு நாயக்கர் வீட்டில் பிறந்து, சந்தையில் மீன்காரிகளோடு பேரம் பேசிப் பேசியே அவர்களுடைய பிஜி மொழியைக் கற்றவள். இன்று அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெயர் தேவகி. இந்த வார்டில் நான் நர்ஸ் இல்லை, உதவியாளர். நோயாளிகளோடு நடப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, தட்டை வைப்பது, சண்டை வந்தால் நடுவில் நிற்பது, இதுதான் என் வேலை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் படிப்பு முடித்த புது நர்ஸ்கள் வருவார்கள். முதல் வருஷம் முழுக்க அவர்களுக்குச் சோதனைக் காலம். வேலையும் உண்டு, வகுப்பும் உண்டு, தலைக்கு மேல் ஒரு மூத்த நர்ஸின் கண்ணும் உண்டு. வருஷம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

லோசலினிக்கு அந்த நிரந்தர வேலை வெறும் வேலை இல்லை. அவளுக்கு அசெனாதா என்று ஒரு மகள். நௌசோரியில் அக்கா வீட்டில் வளர்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே முப்பது வயசுக்கு மேல் நர்ஸிங் படித்தாள் லோசலினி. வேலை நிலைத்தால்தான் மகளைக் கூட்டிவர முடியும். வேலை போனால் இவள்தான் திரும்பிப் போக வேண்டும். பெண்ணின் தகப்பன் கதை வேண்டாம், சொன்னால் என் வாயில் கெட்ட வார்த்தை வரும்.

ஆறு மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவளுக்கு 'இல்லை' என்ற சொல் வராது. நோயாளி போனைக் கேட்டால் கையிலெடுத்துவிடுவாள். இரண்டாவது காபி, மூன்றாவது காபி, எல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள். வெளிக்கதவைத் திறந்துவிடச் சொன்னால், "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று நிஜமாகவே கேட்க வருவாள். நோயாளி நாற்காலியில் இருந்தால் இவள் தரையில் உட்கார்ந்துகொள்வாள். பெரியவர்களின் தலைக்கு மேல் நிற்கக் கூடாதாம்.

வார்டுத் தலைமை நர்ஸ் ப்ரான்வின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். தெற்கத்திப் பண்ணை வீட்டில் வளர்ந்த உயரமான வெள்ளைக்காரி. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், பிறகு டீ போட்டுக் கொடுப்பார். பாதி வருஷம் முடிந்ததும் லோசலினியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ அன்பானவ, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அன்பை மட்டும் வச்சு இங்க வண்டி ஓடாது. உனக்கும் நோயாளிக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கணும். அதை நீதான் போடணும். போடலன்னா இந்த வருஷத்தை நான் பாஸ்னு எழுத முடியாது."

அன்று சாயங்காலம் வழக்கம்போல என் காரில் வீட்டுக்கு வரும்போது "கோடு, கோடு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சரி, நான் நோயாளி. நீ நர்ஸ். சிஸ்டர், உங்க போனைக் குடுங்க."

"போன் குடுக்க முடியாதுங்க."

"எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, சிஸ்டர்."

"ஐயோ, என்னாச்சு அவங்களுக்கு?"

"அடியே! போச்சு, கோடு போச்சு!"

"ஒரே ஒரு கால்தானேக்கா, பாவம்."

இந்த லட்சணத்தில்தான் பயிற்சி நடந்தது. ஆனால் தினமும் நடந்தது. மாங்கேரே ரவுண்டானாவில் வண்டிகள் நிற்கும் நேரமெல்லாம் நான் போன் கேட்டேன், சாவி கேட்டேன், சிகரெட் கேட்டேன். குளிர்காலம் முடியும்போது அவள் இல்லை என்று சொல்லப் பழகிவிட்டாள். சொன்ன பிறகு முகம் சுண்டிப்போவாள், இருந்தாலும் சொன்னாள். ப்ரான்வின்கூட ஒருநாள் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தேறிவிடுவாள் போலிருக்கிறதே என்று நானும் முடிவை மாற்றிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெனாயா வந்தான்.

காலையில் வேலை மாறும்போது ராத்திரி நர்ஸ் எல்லா நோயாளிகளைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். புதிதாக வந்தவர், சாரம் கட்டும் வேலை செய்பவர், வாரக்கணக்கில் பேச்சில்லை, சாப்பாடு அநேகமாக இல்லை, மனைவி கொண்டுவந்து சேர்த்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அவன் பிஜியில் எந்த ஊர் என்பதையும் சொன்னாள். வீத்தி லெவூத் தீவின் மலைக்குள்ளே எங்கோ இருக்கும் ஊர். பேரைக் கேட்டதும் லோசலினி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அறையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாரி, சாரி, இருமல்" என்றாள். எனக்கு மட்டும் விஷயம் புரிந்துபோயிற்று. தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"உங்க ஊருக்குத் தவுவா?"

"ஆமாக்கா." இன்னும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "மலைப்பன்னிங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க கடற்கரை நண்டைத் தின்னுட்டுத் திரும்பி நண்டுக்காரிங்கன்னு எங்களையே திட்டுவாங்க."

தவுவு என்றால் முறை. மாமன் மச்சான் முறை மாதிரி, ஆனால் ஆளுக்கு ஆள் இல்லை, ஊருக்கு ஊர். இரண்டு ஊரும் ஒரே ஆதி தெய்வத்தின் வழி வந்தவை என்று கணக்கு. அந்த உரிமையில் ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், தட்டிலிருந்து பிடுங்கித் தின்னலாம், சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு போகலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அவன் மனுஷனே இல்லை. திட்டாமல் மரியாதையாகப் பேசினால்தான் இவர்களுக்குள் ஏதோ பகை என்று அர்த்தம்.

"வாயை மூடிக்கிட்டு இரு. கோடு, கோடு" என்றேன்.

"தெரியும்க்கா."

இருந்தாள் பாவம். பெனாயாவுக்கு மருந்து கொடுத்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள், எல்லாம் மரியாதையாக. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். தோள் மட்டும் கதவு அகலம். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருப்பான். நாங்கள் எழுப்பி உட்காரவைத்தால் உட்காருவான், கையில் கரண்டியைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான், தட்டிலிருந்து ஒரு வாய் எடுக்கமாட்டான். தட்டு போன மாதிரியே திரும்பி வரும். டாக்டர்கள் மருந்தைக் கூட்டினார்கள், அது வேலை செய்ய நாளாகும் என்றார்கள்.

அவன் மனைவி கிவிப்பழம் பொறுக்கிக் கட்டும் இடத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது லோசலினியிடம் சொல்லி அழுதாள். பெனாயாவின் அப்பா ஜூலையில் இறந்துபோனார். பெனாயா விசா முடிந்தும் தங்கிவிட்டவன். போனால் திரும்பி வர முடியாது, பிள்ளைகள் இங்கே. அதனால் போகவில்லை. சித்தப்பா மகன் போனில் வீடியோவாகக் காட்டிய சாவுச் சடங்கைப் பார்த்தபடி இங்கே தன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அதிலும் நடுவில் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு படிப்படியாகப் பேச்சு நின்றது.

"சாவு வீடு மாதிரியே இல்லைன்னு மட்டும் ஒரு தரம் சொன்னாரு" என்றாள் மனைவி. "சிரிப்புச் சத்தமே கேக்கலையாம். தவுவு யாருமே வரலையாம்."

பிஜியில் சாவு வீட்டுக்குத் தவுவு வருவது சும்மா துக்கம் கேட்க இல்லை. அழுகிறவர்களைத் திட்ட வேண்டும், செத்தவரைக் கேலி பண்ண வேண்டும், சமையல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அழுதுகொண்டே இருப்பவர்களைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது அவர்கள் கடமை. லோசலினி அன்றே நௌசோரிக்குப் போன் போட்டு அக்காவைக் கேட்டாள். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, நம் ஊரிலிருந்து ஒருத்தரும் மலைக்குப் போகவில்லை என்று அக்கா சொன்னாள்.

"எங்க ஊருல ஒருத்தருமே போகலக்கா" என்றாள் என்னிடம். முகம் இருண்டுபோயிருந்தது. "அந்த மனுஷன் அப்படியே மண்ணுக்குள்ள போயிட்டாரு, ஒரு கிண்டல்கூட இல்லாம."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றேன். அவள் பெனாயாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இவள் ஏதோ செய்யப்போகிறாள் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாடு. பெனாயாவைக் கூட்டிவந்து மேஜையில் உட்காரவைத்திருந்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் கஸ்டர்ட். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லோசலினி வந்தாள். குனியவில்லை, துலோ சொல்லவில்லை. நேராக வந்து அவன் தலைக்கு மேல் இடுப்பில் கைவைத்து நின்றாள். வார்டே கேட்கும் குரலில், பிஜி மொழியில் ஆரம்பித்தாள்.

"ஏய் மலைப்பன்னி! மூஞ்சியைப் பாரு, மழையில நனைஞ்ச கிழங்கு மாதிரி! உங்கப்பன் போயிட்டானாமே? காட்டுப்பன்னிங்க எல்லாம் கூடி விருந்து வைக்குதாம், இனிமே நிம்மதின்னு. மேல போயாவது குளிக்கச் சொல்லு, சாமிக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கு!"

சொல்லிக்கொண்டே அவன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டினாள். எங்கள் ஊரில் ஒருவன் தலையில் கைவைப்பது பெரிய குற்றம். பிறகு கஸ்டர்டை எடுத்தாள். அவன் கண்ணெதிரே, நின்றபடியே, சப்புக்கொட்டிக்கொண்டு கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

பெனாயா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவன் ஒருவரையும் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. சத்தமில்லை, முகத்தில் அசைவில்லை, கன்னத்தில் வழிந்து குழம்பில் சொட்டியது.

வாசலில் கெய்ட்லின் நின்றுகொண்டிருந்தாள். லோசலினியோடு அதே பிப்ரவரியில் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண், கையில் மருந்துக் கோப்பை. அவளுக்கு மொழி தெரியாது. மொழி எதற்கு? நாள்கணக்காகச் சாப்பிடாத நோயாளியின் தட்டிலிருந்து ஒரு நர்ஸ் பிடுங்கித் தின்கிறாள், தொப்பியைப் பறித்து மாட்டிக்கொண்டு கத்துகிறாள், நோயாளி அழுகிறான். இதைப் பார்த்துவிட்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? கெய்ட்லின் நேராக ப்ரான்வின் அறைக்குப் போனாள்.

அன்று காரில் ஏறியதும் கேட்டேன். "ப்ரான்வின் என்ன கேட்டாங்க?"

"என்ன சொன்னேன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பன்னிங்க விருந்து வைக்குதுன்னு சொன்னதையுமா?"

"அதையும்தான். சாமிக்கு மூக்கு இருக்குன்னதையும்."

"ஐயோ, ஐயோ. அதை மட்டுமாவது முழுங்கியிருக்கக் கூடாதாடி?"

"பொய் சொல்லக் கூடாதுல்லக்கா" என்றாள். எனக்கு ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

விசாரணை முடியும்வரை நோயாளிகள் பக்கம் வரக் கூடாது என்று அவளை மாடியில் பயிற்சி அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். தவுவு என்றால் என்னவென்று அவள் சொன்னாள், நான் சொன்னேன். ப்ரான்வின் பெனாயாவின் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார், அவளும் வழக்கம்தான் என்று சொன்னாள். ப்ரான்வின் ஒன்றையும் மறுக்கவில்லை.

"வழக்கம்னு நம்பறேன், தேவகி" என்றார். "ஆனா அந்த ஆளு நல்லா இருக்கறப்ப அது வழக்கம். இப்ப அவருக்கு வேண்டாம்னு சொல்லக்கூட வாயில்ல. அவருக்கு அது கேலியா பட்டுதா, காயமா பட்டுதா? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பெனாயா அன்று ராத்திரிவரை அழுதானாம். அதற்கு அடுத்த நாள் எழுந்திருக்கவே மறுத்துவிட்டான். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். காயம் என்று முடிவானால் லோசலினியின் வருஷம் அதோடு சரி. நர்ஸ்களுக்கு உரிமம் கொடுக்கும் கவுன்சில்வரை போகும், பிறகு வேறெந்த வார்டும் அவளைத் தொடாது. அசெனாதா நௌசோரியிலேயே வளர்ந்து பெரியவளாவாள்.

லோசலினிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான் தப்புப் பண்ணிட்டேனாக்கா? அவன் தவுவுன்னு மட்டும்தான் பார்த்தேன். நோயாளின்னு பார்க்கலையோ?" என்று தினமும் கேட்டாள். நான் ரேடியோவைப் போட்டேன்.

விசாரணை குடும்பங்கள் சந்திக்கும் அறையில் நடந்தது. பெனாயாவும் வர வேண்டும் என்று ப்ரான்வின் பிடிவாதமாக இருந்தார். "அவருக்கு நடந்ததைப் பத்தி அவரில்லாம நாம என்ன பேசறது?" என்றார். டாக்டரும் சரி என்றார். கெய்ட்லின் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். எதிரே லோசலினி. மத்தியான நேரம், மாடியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை, அதற்குள் பழைய ஐஸ்கிரீம் டப்பா.

ப்ரான்வின் அவன் முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த நர்ஸ் உங்களிடம் பேசியது உங்களுக்கு வருத்தமாக இருந்ததா? உங்கள் சாப்பாட்டை எடுத்தாரே, அது உங்களுக்கு இஷ்டமில்லையா? இவர் இனி உங்கள் பக்கம் வர வேண்டாமா?

அவன் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ப்ரான்வின் லோசலினி பக்கம் திரும்பினார்.

"செய்யறதுக்கு முன்னாடி அவரைக் கேட்டியா?"

"தவுவு கிட்ட யாரும் கேக்கமாட்டாங்க."

"இங்க கேக்கணும், லோசா."

"தெரியும். கேட்டிருக்கணும்."

சொல்லிவிட்டு அவள் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். எழுந்து வந்து பெனாயாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்து, உள்ளங்கைகளைக் குவித்து, பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது தட்டும் முறையில் மெதுவாகத் தட்டினாள். குரல் உடைந்தது.

"ஐயா, உங்க மனசு நோகப் பேசிட்டேன். உங்க அப்பாவை மரியாதையில்லாம கேலி பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவன் அசைந்தான். முதலில் நான் கவனிக்கவில்லை. தரைவிரிப்பிலிருந்து பார்வை மேலே வந்து அவள் தலையில் நின்றது. புருவம் சுருங்கியது. யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி ஒரு முகம். பிறகு அந்தப் பெரிய கை நீண்டது, கெய்ட்லின் ஒரு அடி முன்னால் வந்தாள், ப்ரான்வின் கையைக் காட்டி நிறுத்தினார். கை லோசலினியைத் தாண்டிப் போய் நாற்காலியிலிருந்த பையை எடுத்தது. டப்பாவைத் திறந்தது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் மரவள்ளிக்கிழங்கும். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான்.

"ஐயாவாம், மன்னிப்பாம்" என்றான். துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது குரல். "எங்கப்பா சாவுக்கு வர்றதுக்கு உங்களுக்கு இவ்வளவு நாளாச்சா?"

லோசலினி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாலம் உடைஞ்சிருச்சுடா, பன்னித் தலையா" என்றாள். "நீந்தியா வரச் சொல்ற?"

"மீன் தின்னிங்கதானே, நீந்த வேண்டியதுதான்." இன்னொரு துண்டு வாய்க்குள் போனது. "இதென்ன குழம்பா? உப்பைப் பார்த்திருக்கியா நீ? நண்டுக்காரிக்குச் சமைக்கத் தெரியும்னு எவன் சொன்னான்?"

"திருடித் தின்னுட்டு உப்பு பத்தலையாம்!"

லோசலினி தரையில் உட்கார்ந்தபடி அழுதுகொண்டே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் தின்றான், கையால், ஒரு துண்டு விடாமல், டப்பாவைச் சாய்த்துத் தேங்காய்ப்பாலைக் குடிக்கும்வரை.

"தேவகி, என்ன சொல்றார்?" என்றார் ப்ரான்வின்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், பாலம் உட்பட, உப்பு உட்பட. ப்ரான்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அப்ப அவருக்குப் புகார் எதுவும் இல்லையா?"

"இருக்கு" என்றேன். "லேட்டா வந்துட்டாளாம்."

ப்ரான்வின் தலையசைத்தார். பெனாயாவிடம் இன்னும் சாப்பாடு வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். வேண்டும் என்றான். கஸ்டர்ட் வேண்டும், அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்றான். அதையும் மொழிபெயர்த்தேன்.

லோசலினிக்கு ஒரு திட்டு கிடைத்தது, அது நியாயம்தான். இனி எந்த வழக்கமானாலும் முதலில் ஒரு வார்த்தை, எனக்கும் நோயாளிக்கும், என்றார் ப்ரான்வின். அவ்வளவுதான். மறுநாள் காலை வேலைக்கு அவள் பேர் போட்டிருந்தது. கெய்ட்லின் தாழ்வாரத்தில் அழுதபடி வந்து மன்னிப்புக் கேட்டாள். "நீ சரியாத்தான் செஞ்ச. நோயாளி தட்டுல ஒரு நர்ஸ் கைவச்சா சொல்லத்தான் வேணும்" என்று லோசலினி அவளைக் கட்டிக்கொண்டாள். நானாக இருந்தால் இவ்வளவு பெருந்தன்மை காட்டியிருக்கமாட்டேன், ஒரு வாரமாவது முறைத்திருப்பேன்.

ஒரு டப்பா மீன் அவனைக் குணப்படுத்திவிட்டது என்று நான் கதைவிடமாட்டேன். மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது, டாக்டர்கள் விடாமல் பார்த்தார்கள், நடுவில் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்த நாட்களும் இருந்தன. நவம்பரில் மனைவியோடு வீட்டுக்குப் போனான். விசா சிக்கல் அப்படியேதான் இருக்கிறது, ஒரு வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். போகும்போது லோசலினியின் குடையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான். நல்ல குடை. அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

ஜனவரிக் கடைசியில் முடிவு சொன்னார்கள். வேலை முடிந்து நான் காரில் காத்திருந்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஏசி வேறு பழுது. அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட் போடவில்லை. போனை எடுத்து நௌசோரிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன முடிவென்று கேட்க எனக்குப் பயம்.

அக்கா எடுத்தாள், பெண்ணைக் கூப்பிட்டாள். "என்னம்மா?" என்றது சின்னக் குரல். பின்னால் எங்கோ நாய் குரைத்தது.

"வா" என்றாள் லோசலினி. அதற்கு மேல் வரவில்லை. போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா? அம்மா, என்னாச்சு? எங்க வரணும்?"

நான்தான் போனை வாங்கினேன். அதற்குள் எனக்கும் கண் கலங்கிவிட்டிருந்தது, இருந்தாலும் குரலைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன்.

"தேவகி ஆன்ட்டி பேசறேன்டா. உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல, வேலை கிடைச்ச சந்தோஷத்துல அழுறா. பெரியம்மா கிட்ட சொல்லி உன் பாஸ்போர்ட்டை எடுக்கச் சொல்லு. அப்புறம் நல்ல கனமா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்க. நீ வந்து சேர்றப்ப இங்க குளிர ஆரம்பிச்சிரும்."